மேசைக்கு அடியில் மகேந்திரராசா

கண்டி, கட்டுக்கலையில் குடியிருந்த தலைமை இலிகிதர் மகேந்திரராசா, சிறுவர் கதை எழுதும் நாட்களில் எட்டு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிவிடுவார். மீசை மட்டும் இறங்காது. சுதந்திரம் கிடைத்த கையோடு சண்டிலிப்பாயிலிருந்து கண்டிக்கு வந்து தண்ணீர்க் கந்தோரில் சேர்ந்தவர் அவர். வாசல்களில் குனிந்து நுழைய வேண்டிய ஆள். வயிறும் அதற்கு ஏற்றது. அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலையில், “ஒரு ஊரில் ஒரு தவளைக்குத் தண்ணீர் என்றால் பயம்” என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தபோது, கதிரையில் கால் எட்டாமல் தொங்கியது. மனைவி பத்மாதேவி தேத்தண்ணியோடு வந்து பார்த்தார். கத்தவில்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்து வந்து, தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று பார்த்து, மத்தியானத்துக்குள் ஒரு அரைக் களிசான் தைத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை கந்தோருக்குப் போய் முதலாவது பைலைத் திறந்ததும் அவர் பழைய உயரத்துக்கு வந்துவிட்டார், களிசான்தான் பாழ். அதற்குப் பிறகு பத்மாதேவி இடுப்புக்கு நாடா வைத்தே தைத்தார். அக்கம்பக்கத்தில் சில மாதங்கள் பேச்சாக இருந்தது. பிறகு பாண் விலை ஏறியது, எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள். நம்பாதவர்கள் கட்டுக்கலையில் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்து ஆட்கள் ஒருவரும் இப்போது அங்கே இல்லை என்பது வேறு விஷயம்.

கதிரையில் உட்கார்ந்தால் கை மேசைக்கு எட்டாததால், மகேந்திரராசா மேசைக்கு அடியிலேயே குடிபோனார். தோட்டத்துத் துரை ஒருவர் இங்கிலாந்துக்குத் திரும்பும்போது ஏலத்தில் விட்டுப்போன முதிரை மேசை அது. மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும். அடியில் தச்சன் உளி பட்ட இடமெல்லாம் அப்படியே சிராய்சிராயாகக் கிடக்கும். பெரியவர்களின் உலகம் முழுக்க இப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்பதை அவர் அங்கே இருந்துதான் கண்டுபிடித்தார். விருந்துக்கு வரும் கனவான்கள் மேலே சிரித்துக்கொண்டு கீழே ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதும், தடித்த அம்மா ஒருவர் வடையைக் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் தள்ளுவதும், பெரிய டொக்டரின் சப்பாத்துக்குள் இரண்டு காலுறையும் இரண்டு நிறமாக இருப்பதும் அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். அவருடைய கதைகளில் வந்த ராசாக்கள் எல்லோருக்கும் காலுறை நிறம் மாறியிருப்பதற்குக் காரணம் இதுதான். ஆராய்ச்சியாளர்கள் வேறென்னவோ சொல்கிறார்கள்.

மேசை அவருக்கு ஆசிரியராகவும் இருந்தது. பிள்ளைகளுக்குக் கீழே குனிந்து பேசுவதுபோல ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அந்த வரி முடிவதற்குள் அவர் திடீரென்று வளர்ந்து தலையை மேசையில் இடித்துக்கொள்வார். “சின்னஞ்சிறு செல்லங்களே” என்று எழுதியதற்குத் தேசிக்காய் அளவு வீங்கியது. “நல்ல பிள்ளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள்” என்பதற்கு விளாங்காய். “ஆகவே பிள்ளைகளே, இதிலிருந்து நாம் அறிவது” என்று ஒரே ஒருமுறை ஆரம்பித்தார். மேசையின் ஒரு கால் கழன்றது. குசினியில் இருந்து பத்மாதேவி, “என்னப்பா, புத்தி சொல்லிப்போட்டியளோ?” என்று கேட்பார். “இல்லை, கொஞ்சமாத்தான்,” என்று மேசைக்கடியிலிருந்து மெல்லிய குரல் வரும். பிறகு பேனையால் வெட்டும் சத்தம் கேட்கும், ஆள் மறுபடி சுருங்குவார். கடினமான சொல் எழுதினால் இடிக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பிரளயம்’ என்று எழுதினார், ‘உன்மத்தம்’ என்று எழுதினார், ஒரு மயிரும் அசையவில்லை. பிள்ளைக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டு ‘பிரளயத்தை’ வெட்டிப் ‘பெரிய வெள்ளம்’ என்று போட்ட அன்றுதான் நெற்றி பிளந்தது.

பதினைந்து வயதுக்காரருக்கு எழுதிய வருடங்கள் பத்மாதேவியின் கெட்ட காலம். அப்போது அவர் பதினைந்து வயதாகி, ஓணான் மாதிரி மெலிந்து, கன்னத்தில் பருவோடு அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பார். குரல் ஒரே வசனத்துக்குள் இரண்டு தரம் உடையும். ஒரு முழுப் பாணையும் சம்பலையும் தின்றுவிட்டு, இந்த வீட்டில் தன்னை ஒருவருக்கும் விளங்கவில்லை என்று கதவை அடித்துச் சாத்துவார். கண்டி வாவியைச் சுற்றி விடாமல் நடந்தார். அவர் நடந்து தேய்ந்த இடத்தில் கட்டுச்சுவர் தாழ்ந்திருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். அப்போது எழுதிய நாவலில் காதலும் இருந்தது, பொய் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அதை முடித்த அன்று பத்மாதேவி கற்பூரம் கொளுத்திவிட்டு, “இனி எட்டு வயசோட நிப்பாட்டுங்கோ. தவளை, பூனை எண்டு எழுதுங்கோ. ரெண்டாவது பதினைஞ்சு வயசை என்னால வளர்க்கேலாது,” என்று சொல்லிவிட்டார்.

எட்டு வயதில் எழுதியதைச் சரிபார்க்க அவர் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். அங்கே திரேசா என்ற டீச்சர் சனிக்கிழமைகளிலும் கதவைத் திறந்துவைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவைப்பார். பஸ்ஸில் நளீர் என்ற கண்டக்டரோடு வாரம் தவறாமல் சண்டை. ஆளின் அளவுக்கு அரை டிக்கெட்தான் என்பது மகேந்திரராசாவின் வாதம். “மீசைக்கு முழு டிக்கெட் சேர். எனக்கு மேல இன்ஸ்பெக்டர் இரிக்காரு,” என்பது நளீரின் வாதம். பள்ளிக்கூடத்தில் அவர் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, கதையை டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். “ஏய் மீசை, தள்ளி ஒக்காரு, டீச்சர் தெரியல,” என்று பின்னாலிருந்து முதுகில் குத்து விழும். தள்ளி உட்காருவார். கதை அலுத்துப்போனால் பிள்ளைகள் மரியாதைக்குக்கூடக் காத்திருப்பதில்லை. எழுந்து வெளியே போய் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஆடுகளைப் பார்ப்பார்கள். எந்த வரியில் எழுந்தார்களோ அந்த வரியின் ஓரத்தில் அவர் ‘ஆடு’ என்று எழுதிக்கொள்வார். கொஞ்சக் காலத்தில் அது அந்த வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. கலியாண வீட்டில் யாராவது நீளமாக வாழ்த்துரை வழங்கினால் பத்மாதேவி கணவரின் காதில், “ஆடு,” என்பார்.

இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, மலையகத் தோட்டத்துச் சனத்தில் இவ்வளவு பேர் அங்கே, இவ்வளவு பேர் இங்கே என்று பங்கிட்டுக் கையொப்பம் வைத்த பிறகு வந்த வருடங்கள் அவை. மேசைக்கு அடியில் அப்போது யாரும் குனிந்து பார்க்கவில்லை. திரேசா டீச்சரின் வாங்குகள் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் காலியாகின. லயத்துக்கு லயம் றங்குப் பெட்டிகள் வாங்கப்பட்டன. மகேந்திரராசா மேசைக்குக் கீழே போய் ‘பவளத்தின் பெட்டி’ என்ற கதையை எழுதினார். பவளம் என்ற பிள்ளையின் அப்பா இந்தியாவுக்குப் போகப் பெட்டி கட்டுகிறார். பிள்ளை அவிழ்க்கிறாள். அப்பா கட்டுகிறார். அவிழ்க்கிறாள். அம்மியை உள்ளே வைத்தால் அம்மி வெளியே. குத்துவிளக்கை வைத்தால் குத்துவிளக்கு வெளியே. கடைசியில் ரயில் கோச்சி வருகிற நேரத்துக்குப் பவளம் வெறும் பெட்டிக்குள் ஏறிச் சம்மணம் கட்டி உட்கார்ந்துகொண்டு, நாலு திசையையும் பார்த்து, “தூக்கிப் பாருங்கள்,” என்கிறாள். அத்தோடு கதை முடிந்தது. எழுதும்போது மேசை ஒருதரம்கூட இடிக்கவில்லை. தலைக்கும் மேசைக்கும் இடையில் கோயில் மணி தொங்கவிடலாம், அவ்வளவு இடம் இருந்தது.

அந்தக் கதையை டீச்சர் படித்த சனிக்கிழமை ஆடுகளைப் பார்க்க ஒரு பிள்ளையும் போகவில்லை. ஆடுகள்தான் ஜன்னலுக்கு வந்தன. படித்து முடிந்ததும் முன்வாங்கில் இருந்த இராஜகுமாரி என்ற பிள்ளை எழுந்து கடைசி வாங்குக்கு வந்தாள். அவளுடைய வீட்டிலும் பெட்டி வந்திறங்கிவிட்டது. அடுத்த மாதம் பயணம்.

“சார், அவள எறக்கிட்டாங்களா?”

“எனக்குத் தெரியாது. அவ சொன்னதோட நான் எழுதுறதை விட்டிட்டன்.”

“அவ்வளவுதான் இருக்கணும். பொறவு அவ அழுது, அப்பாகிட்ட மாப்பு கேட்டான்னு எழுதக் கூடாது. எல்லாக் கதையிலயும் கடேசில மாப்பு கேக்குறாளுக.”

“எழுதமாட்டன்.”

“பொஸ்தகமா அச்சடிச்சு எனக்குத் தரணும். போறதுக்கு முன்னாடி. கையில வச்சிருக்கணும் சார்.”

“தாறன்.”

“மீசை மேல சத்தியமா?”

அந்த உயரத்தில் இருக்கும்போது கொடுத்த வாக்கை மீறினால் என்ன நடக்கும் என்பது எட்டு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். மகேந்திரராசா மீசையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

அச்சடிக்கப் பாரூக் நானா இருந்தார். திருகோணமலை வீதியில் அச்சகம் வைத்திருந்த அவர், மகேந்திரராசாவின் தவளைகளையும் ராசாக்களையும் ஆரம்பத்திலிருந்தே அச்சடித்தவர். கடதாசிதான் இல்லை. நாட்டில் அப்போது அரிசிக்கும் தட்டுப்பாடு, கடதாசிக்கும் தட்டுப்பாடு. பிள்ளைகளின் புத்தகத்துக்குக் கடதாசி வேண்டுமானால் சிறுவர் நூல் பரிசீலனைக் குழு என்ற ஒன்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். குழுவின் தலைவர் வீரசிங்கம், பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்து, பென்சன் எடுத்து இளைப்பாறியவர். சிறுவர்களுக்கான எல்லா நூல்களையும் அவர் படித்திருந்தார். சிறுவர்களில் ஒருவரையும் அவருக்குப் பிடிக்காது. கதையைத் திருப்பி அனுப்பும்போது குழு மூன்று திருத்தம் கேட்டது. பவளம் பெட்டியிலிருந்து இறங்க வேண்டும், தந்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கடைசியில் ‘நீதி: பெரியோர் முடிவுக்குப் பணிந்து நடப்பதே சிறுவர்க்கு அழகு’ என்று தடித்த எழுத்தில் வர வேண்டும்.

பாரூக் நானா நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால்தான் தப்பான யோசனை சொன்னார். “ஒரு வசனந்தானே சேர். எழுதிக் குடுத்துட்டு கடதாசிய எடுப்பம். புள்ளையள் கடைசிப் பக்கத்த யாரு வாசிக்கிற? கிழிச்சு கப்பல்தானே செய்யும்.”

இராஜகுமாரியின் பயணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நல்ல புத்தகம் கைக்குப் போகாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் பொல்லாத புத்தகமாகவாவது போய்ச் சேரட்டும் என்று மகேந்திரராசா நினைத்தார். எழுதுகிற ஆட்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளும்போது இப்படி அழகான வசனங்கள்தான் மனதில் வரும். மேசைக்கடியில் போய், கண்ணை மூடிக்கொண்டு, நீதியை எழுதினார்.

மேசை இடிக்கவில்லை, அவரோடு சேர்ந்து எழும்பியது. தலையில் முதிரை மேசையைத் தொப்பி மாதிரிச் சுமந்துகொண்டு மகேந்திரராசா வளர்ந்தார், வளர்ந்தார், பழைய உயரத்தைத் தாண்டினார், விட்டத்தைத் தாண்டினார், ஓடு பொல பொலவென்று உதிர, மேசையும் தலையுமாகக் கூரைக்கு வெளியே வந்து நின்றார். பிள்ளையார் கோயில் கோபுரத்துக் காகங்கள் மேசையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே அதற்கு மாறிக்கொண்டன. அங்கிருந்து வாவி ஒரு தேத்தண்ணிப் பீரிசு அளவு தெரிந்தது. தெருவில் மனிதர்களின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது, யாருக்கும் முகமே இல்லை. கிழக்கே ஹுன்னஸ்கிரிய மலை தெரிந்தது. மலையில் பிள்ளைகள் உண்டா என்று கூர்ந்து பார்த்தார். பச்சையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் இல்லை.

கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில், பத்மாதேவி ஓட்டுத் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ! என்ன எழுதினனீங்கள்?”

“ஒரு வரிதான்!”

“ஒரு வரிக்கு இவ்வளவு ஓடோ? வெட்டுங்கோ அதை!”

“வெட்டினால் கடதாசி வராது! பிள்ளைக்குப் புத்தகம் குடுக்கிறன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டன்!”

“என்ன புத்தகம் குடுக்கிறன் எண்டு சத்தியம் பண்ணினனீங்கள்? இதையோ?”

பத்மாதேவி தும்புத்தடியின் நுனியில் பேனையைக் கட்டி, கூரை ஓட்டை வழியாக நீட்டினார். மகேந்திரராசா வெட்டினார். ஒருதரத்தோடு நிறுத்தவில்லை. நீதி, பெரியோர், பணிந்து, அழகு என்று ஒவ்வொரு சொல்லாக, கடதாசி கிழியும்வரை வெட்டினார். இறங்கி வந்தபோது எட்டு வயது உயரத்தில் நின்றார். களிசான் மாட்டிக்கொண்டு, மீசையைச் சீவிக்கொண்டு, “குழுவுக்குப் போயிட்டு வாறன்,” என்றார்.

குழு கூடியிருந்த மண்டபத்துக் காவல்காரன், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னான். மீசையைக் கண்டு வழி விட்டான். உள்ளே நீள மேசைக்கு மேலாக எட்டுக் கண்ணாடிகள் அவரைத் தேடிப் பார்த்துக் காணாமல், பிறகு குனிந்து கண்டன.

“நான்தான் மகேந்திரராசா,” என்றார். “பவளம் இறங்கமாட்டாள் எண்டு சொல்ல வந்தனான்.”

வீரசிங்கம் எழுந்து நின்றார். சிறுவர் இலக்கியத்தின் நோக்கம் என்ன, அது இளம் உள்ளங்களை எவ்வாறு நெறிப்படுத்துகிறது, பண்டைக் காலத்தில் எவ்வாறு இருந்தது, இன்று எவ்வாறு சீரழிந்தது என்று பேசினார். பேச்சு இரண்டாவது பண்டைக் காலத்துக்குள் நுழைந்தபோது மகேந்திரராசா ஜன்னலடிக்குப் போய், எம்பி, வெளியே பார்த்தார்.

“என்ன பார்க்கிறீர்?”

“இஞ்ச ஆடு ஒண்டும் கட்டி இல்லையோ?”

குழுவில் யாரோ சிரித்தார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வீரசிங்கத்துக்கு முகம் சிவந்தது. நீதி இல்லாமல் முத்திரை இல்லை என்றார். “அப்ப நீங்களே எழுதுங்கோ ஐயா, உங்கட பேரைப் போட்டு,” என்று மகேந்திரராசா கதையை நீட்டினார். வீரசிங்கம் பேனையைத் திறந்து, நீதியைத் தம் கையாலேயே முழுவதாக எழுதினார். மகேந்திரராசா ஆவலோடு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. வீரசிங்கம் ஏற்கெனவே அந்த உயரத்தில்தான் இருந்தார்.

“நல்லது ஐயா. அந்தப் பக்கம் உங்களுக்கு. மிச்சம் எனக்கு,” என்று கடைசிப் பக்கத்தைக் கிழித்து மேசையில் வைத்துவிட்டு, மகேந்திரராசா மேசைக்கு அடியால் நடந்தே வெளியே போனார். போகும் வழியில் சப்பாத்துகளைப் பார்த்தார். தலைவரின் காலுறைகள் இரண்டும் இரண்டு நிறம்.

பாரூக் நானா அதற்குள் யோசித்து வெட்கப்பட்டிருந்தார். சினிமா நோட்டீசு அடிக்கிற கலர்க் கடதாசிக்கு யாருடைய முத்திரையும் தேவையில்லை என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அச்சகத்தில் வெட்டித் தள்ளிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கலியாணக் கார்ட்டு வெட்டிய ஓரம், ரேஸ் துண்டு வெட்டிய ஓரம், கந்தூரி அழைப்பிதழின் பச்சை, படம் மாறிய வெள்ளிக்கிழமைகளின் ரோஸ். அவற்றைப் பொறுக்கி, உள்ளங்கை அகலத்துக்குப் புத்தகம் கட்டினார்கள். ஒரு புத்தகத்தில் பவளம் மஞ்சளில் பெட்டியை அவிழ்த்தாள், இன்னொன்றில் நீலத்தில். “தூக்கிப் பாருங்கள்” என்ற கடைசி வரிக்கு மட்டும், நட்சத்திர நடிகர்களின் பேருக்கு வைத்திருந்த பெரிய மரத்தெழுத்தைப் போட்டார் பாரூக் நானா. அது இரண்டு பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு நின்றது. “நீதிய விட இது தடிப்பு சேர்,” என்றார்.

பயண நாள் கண்டி ஸ்டேஷனில் மழை. அது செய்தியல்ல, கண்டியில் எந்த நாளும் மழைதான். பிளாட்பாரம் முழுக்கப் பெட்டிகள், குடங்கள், ஒப்பாரி. போகிறவர்களின் அழுகையைவிட, வழியனுப்ப வந்தவர்களின் அழுகை உரத்துக் கேட்டது. தலைமன்னாருக்குப் போகிற கோச்சி புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. மகேந்திரராசா மடி நிறையப் புத்தகத்தோடு ஆட்களின் கால்களுக்கு ஊடாகப் புகுந்து வந்தார். அந்த உயரத்தில் வந்ததால்தான் இராஜகுமாரியைக் கண்டார். பெரிய ஆளாக வந்திருந்தால் வெறும் உச்சந்தலைகளில் தேடிக்கொண்டிருப்பார். கடைசி றங்குப் பெட்டியை ஏற்ற அவளுடைய வீட்டார் காத்து நின்றார்கள்.

அவர் ரோஸ் நிறப் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினாள். அந்தப் பெரிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு திருப்பி, அதற்குப் பின்னால் ஏதாவது ஒளித்துவைத்திருக்கிறார்களா என்று அட்டையையும் பார்த்தாள்.

“மாப்பு கேக்கல,” என்றாள்.

“கேக்கேல்லை.”

இராஜகுமாரி றங்குப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த சேலைகளையும், சாமி படத்தையும், அப்பா தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஒழுங்காக அடுக்கினாள். ஏறிச் சம்மணம் கட்டி உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எந்திரிடி,” என்றாள் அம்மா.

“தூக்கிப் பாருங்க,” என்றாள் அவள்.

அப்பா தூக்கிப் பார்த்தார். பெட்டி அசையவில்லை. சித்தப்பா வந்து பெட்டியின் மற்றக் காதைப் பிடித்தார். இரண்டு போர்ட்டர்கள் வந்தார்கள், பிறகு ஸ்டேஷனிலிருந்த எல்லாப் போர்ட்டர்களும் வந்தார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள். எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து கொக்கியை மாட்டி இழுத்ததாகவும், எஞ்சின்தான் பிளாட்பாரத்துக்குப் பக்கமாகச் சாய்ந்ததாகவும் சொல்பவர்கள் உண்டு. கண்ணால் கண்டவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. கயிறு அறுந்ததுவரை நிச்சயம். பிள்ளையை மட்டும் தூக்கலாமே என்று ஒரு அதிகாரி சொன்னார். பிள்ளையும் பெட்டியும் ஒன்றாகத்தான் கனத்தன. எவ்வளவு பேர் பிடித்தாலும் இராஜகுமாரி பக்கத்தைப் புரட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். சில இடங்களில் சிரித்தாள்.

கடைசியில் அப்பா கையை உதறிவிட்டு அவள் பக்கத்தில் குந்தினார். மழையில் நனைந்த பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார். பற்றவில்லை. “எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா புள்ள,” என்றார். “போன்னாங்க. கையெழுத்து வைன்னாங்க. வச்சேன்.”

“நான் வைக்கலப்பா,” என்றாள் இராஜகுமாரி.

கோச்சி ஊதியது. மகேந்திரராசா பெட்டி பெட்டியாக ஓடி, எட்டும் ஜன்னல்களுக்கெல்லாம் எம்பி எம்பிப் புத்தகங்களைக் கொடுத்தார். எட்டாத ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் கையை நீட்டி வாங்கினார்கள். மஞ்சளும் பச்சையும் நீலமுமாக அவை அசைந்துகொண்டே போயின. நிறையச் சனம் அன்று போனது. அதற்கு முன்னும் போனது, பிறகும் போனது. அதை மாற்றி எழுத எந்தக் கதையாலும் முடியவில்லை. தலைமன்னாரில் கப்பலேறும் பாலத்தடியில் அந்த வாரம் இன்னும் சில பெட்டிகள் கனத்துப்போனதாகவும், கப்பல் காத்துக் காத்துப் பாதி காலியாகப் போனதாகவும் பின்னால் கேள்வி. எத்தனை பெட்டி என்று கேட்டால் கண்டிக்காரர்கள் வருடத்துக்கு வருடம் கூட்டித்தான் சொல்கிறார்கள்.

இராஜகுமாரியின் குடும்பத்தைப் பற்றிக் கந்தோர்கள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டன. ஏற்றாத பெட்டிக்காரரை அனுப்பியதாகக் கொள்ளலாமா, அனுப்பாதவரை இருப்பதாகக் கொள்ளலாமா என்று கேள்வி. பதில் எழுதியவர்கள் இளைப்பாறி, அவர்களுடைய இடத்துக்கு வந்தவர்களும் இளைப்பாறி, ஒரு முடிவு வருவதற்குள் சட்டமே மாறிவிட்டது. இராஜகுமாரியின் வீட்டார் ஹுன்னஸ்கிரியவிலேயே இருந்தார்கள், இருக்கிறார்கள். மகேந்திரராசாவை அதற்குப் பிறகு எந்தப் பைலும் உயர்த்தவில்லை. முதல் திங்கட்கிழமை கந்தோரில் அவருக்கு முன்னால் பைல்களை அடுக்கிப் பார்த்தார்கள், ஒரு அங்குலமும் ஏறவில்லை. ஏற முடியவில்லையா, ஏற மனமில்லையா என்று பெரிய துரை கேட்டார். “நான் மேல போய்ப் பார்த்திட்டன் சேர். அங்க ஒண்டும் தெரியாது,” என்றார் அவர். தச்சனைக் கூப்பிட்டுக் கந்தோர் மேசையின் கால்களை அறுத்துக் கொடுத்தார்கள். இளைப்பாறும்வரை அந்த மேசையில்தான் தலைமை இலிகிதர் வேலை பார்த்தார். தண்ணீர் ஒழுங்காக வந்தது.

அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று பின்னேரம், கோச்சியின் புகை பேராதனைப் பக்கமாகக் கரைந்த பிறகு, இராஜகுமாரி தானாக எழுந்து பெட்டியைவிட்டு இறங்கினாள். அப்பா பெட்டியை ஒரு கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அம்மா சேலைகளை மூட்டையாகக் கட்டினாள். எல்லோருமாக ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் திரேசா டீச்சரிடம் ஒப்படைக்க மகேந்திரராசாவும் கூடப் போனார். ஜன்னலோரம் யாருக்கு என்று இருவருக்கும் சண்டை வந்து, தென்னக்கும்புர வரை அவள், அதற்கு அப்பால் அவர் என்று தீர்ந்தது. நளீர் கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார். ரோஸ் நிறப் புத்தகத்தைப் பார்த்தார். மீசையை நன்றாகப் பார்த்தார்.

பிறகு இரண்டு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.